ஒரு சாண் பாக்கி

கோடு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம், காலநிலைத் துறை ஆணையர் எங்கள் தெருவுக்கு வந்து விளக்கும்வரை.

எங்கள் தெரு ஊரிலேயே தாழ்ந்த மூலையில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. முன்பெல்லாம் எப்போதாவது ஒரு மழைக்காலத்தில் ஆறு உள்ளே எட்டிப் பார்க்கும். இப்போது வருஷம் தவறாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. மனு கொடுத்தோம், மறியல் பண்ணினோம், ஓட்டுப் போட மாட்டோம் என்று மிரட்டினோம். கடைசியில் அரசாங்கம் மனம் இரங்கி மேட்டில் ஒரு குடியிருப்பைக் கட்டியது. குறை சொல்லக் கூடாது, நல்ல வீடுகள். சன்னலுக்குக் கம்பி, சமையலறையில் மேடை, நடக்க முடியாதவர்களுக்கு வாசலில் சாய்தளம் எல்லாம் உண்டு. கட்டி முடித்துப் பூட்டினார்கள். சாவியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு பண்ணத்தான் கோடு வந்தது.

"இது அபாயக் கோடு," என்றார் ஆணையர். இனிமையாகப் பேசுகிற மனிதர். ஷூவில் சேறு படாமல் இருக்க அவர் நிற்கும் இடத்தில் ஒரு பலகை போட்டிருந்தார்கள். "ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இந்தக் கோடு இருக்கும். தண்ணீர் கோட்டைத் தொட்டால் அது வெள்ளம். நீங்கள் போன் செய்ய வேண்டியதுதான், படகு வரும், மேட்டில் வீடும் கிடைக்கும். தொடாவிட்டால் அது ஈரம். ஈரத்துக்கு அரசு பொறுப்பேற்காது."

"ஈரம்னா எவ்வளவு வரைக்கும் சார்?" என்று மீன்காரர் கேட்டார்.

"கோட்டுக்குக் கீழே எவ்வளவு வேணும்னாலும்."

தெளிவாகச் சொல்லிவிட்டார். நாங்கள்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

கோடு போடும் வேலை எங்கள் தெரு பெயின்டருக்கே கிடைத்தது. மக்கள் பங்கேற்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவன் கடைப் பலகை எழுதுகிறவன். ஒரு கேள்விக்கு அவன் யோசித்துப் பதில் சொல்வதற்குள் கேட்டவர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அவன் அக்கா அதற்கு நேர் எதிர். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே பேசுவாள், அப்போதும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அக்கா தையல்காரி. சின்ன வயதிலேயே சூம்பிப்போன கால்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கையால் சுற்றும் மிஷினில் தைப்பாள். கைகளுக்கு மட்டும் பயில்வான் பலம். துணி வெட்டும் மேஜையின் விளிம்பைப் பிடித்து ஒரே எம்பில் மேலே ஏறி உட்கார்ந்துவிடுவாள். கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்கும். "அளவு சரியாத்தான் எடுத்தியா?" என்று யாராவது கேட்டால் தொலைந்தார்கள். "அளவுல நான் பொய் சொன்னதே கிடையாது. உன் வயிறுதான் பொய் சொல்லுது," என்பாள். எங்கள் தெருவில் என்னைவிடப் பெரியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மேட்டு வீடு எங்கள் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்தச் சாய்தளம். எங்கள் தெரு வீடுகளுக்கு வாசலில் மூன்று படி. அவளை யாராவது நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். "நானா வெளிய போகணும், நானா உள்ள வரணும்டா. அதுக்கப்புறம் நான் போகாமலேகூட இருந்துக்கிறேன். ஆனா போக முடியணும்," என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

முதல் கோட்டைக் கணுக்கால் உயரத்தில், மஞ்சள் நிறத்தில் போட்டோம். போட்டோம் என்று நான் சொல்வதற்குக் காரணம், மட்டக் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பகலில் பாதி நேரம் சும்மாத்தான் இருப்பேன். உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை ஊற்றி ஆளுக்கொரு முனையைப் பிடித்தால், எவ்வளவு தள்ளி நின்றாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைப் பார்த்துக் குறி வைத்துக் கோடு இழுக்க வேண்டியதுதான். வீட்டுக்கு வெளியே மட்டும் போட்டால் போதும் என்று துறை சொல்லியிருந்தது. அக்கா விடவில்லை.

"உள்ளயும் போடு. தண்ணி வந்தா முதல்ல பார்க்கப்போறது நான்தானே."

அந்த வருஷ மழையைப் போல நாங்கள் எந்த மழைக்கும் காத்திருந்ததில்லை. ஆறு உள்ளே வந்தபோது தெருவே வாசலில் நின்று வரவேற்றது. தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே வந்தபோது ஆணையரின் ஜீப் வந்தது. பலகையைப் போட்டு, ஏறி நின்று, பேசினார்.

"உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. நீர்மட்டம் உயர்ந்து வருகிறது என்பதை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. எந்த அரசும் செய்யத் துணியாத காரியம் இது. தண்ணீர் உயரும்போது கோடு மட்டும் பழைய இடத்திலேயே நின்றால் அது விஞ்ஞானத்துக்கு விரோதம். ஆகவே கோடும் உயர்கிறது."

கோடு முழங்காலுக்குப் போனது. கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பெயின்டர் அதைப் போட்டான். அக்கா நாற்காலியில் இருந்தபடி மேற்பார்வை பார்த்தாள். "நேரா போடு. கோணலாப் போட்டா அதுக்கு ஒரு கமிட்டி போட்டுடுவாங்க."

அடுத்த மழையில் தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து அங்கேயே நின்றது. மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் நாள்கணக்கில் நாறிக்கொண்டு கிடந்தது. மீன்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு வாளித் தண்ணீரை மொண்டு சுவரில் ஊற்றிவிட்டு, கோட்டைத் தொட்டுவிட்டது என்று உதவி எண்ணுக்குப் போன் பண்ணினார். படகு வரவில்லை, போலீஸ் வந்தது. செயற்கை வெள்ளத்தை உண்டாக்கியது, அரசுக் கோட்டை நனைத்தது என்று இரண்டு பிரிவில் வழக்கு. மேட்டு வீட்டுக்கான பட்டியலில் இருந்து அவர் குடும்பத்தையே நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள்.

ஜாமீனில் வந்தவர் என் கடையில் உட்கார்ந்து சொன்னார்: "ஆத்தங்கரையை வளைச்சு மாளிகை கட்டினவனை ஒருத்தனும் கேக்கல. நான் வாளியைத் தொட்டேன், பிடிச்சுட்டான்."

அதிலிருந்து உதவி எண்ணைக் கூப்பிட்டால் முதலில் ஒரு எச்சரிக்கைதான் வரும். பொய்த் தகவல் தருவோரின் வீட்டுரிமை ரத்து செய்யப்படும். அதைக் கேட்டு முடித்தால்தான் ஆள் பேசும்.

பச்சைச்சட்டை எங்களிடம் வந்து சேர்ந்தது இதற்கப்புறம்தான். காலநிலைப் போராளி. மழையோ வெயிலோ பச்சைச் சட்டைதான் போடுவார், அதனால் நாங்கள் வைத்த பெயர். நல்ல மனிதர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பூமியை நினைத்து உண்மையாகவே அழுவார். எங்களோடு தண்ணீரில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்து காய்ச்சலில் விழுந்தார். அக்காவைப் பற்றி உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று படம் எடுக்க ஒருவரைக் கூட்டி வந்தார்.

படம் எடுக்க வந்தவர், "கொஞ்சம் சிரிக்காம இருங்க," என்றார்.

"ஏன், பல்லு நல்லாத்தானே இருக்கு?"

"இல்லம்மா, பாதிக்கப்பட்டவங்க மாதிரி பாருங்க."

"பாதிக்கப்பட்டுத்தான் இருக்கேன். அதுக்காக மூஞ்சியையும் கெடுத்துக்கணுமா?"

பேச்சுவாக்கில் அக்கா விரலில் ஊசி குத்திக்கொண்டாள். அந்த நொடியில் எடுத்த படம்தான் ஊர் முழுக்கச் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. அதைப் பார்த்துப் பல பேர் கண் கலங்கியதாகச் சொன்னார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: கோட்டைக் கணுக்காலுக்கு இறக்கு. அதை எடுத்துக்கொண்டு பச்சைச்சட்டை பேச்சுவார்த்தைக்குப் போனார். முதல் சுற்று முடிந்து வந்தபோது கோரிக்கை கொஞ்சம் பக்குவப்பட்டிருந்தது: எங்களைக் கேட்காமல் கோட்டை உயர்த்தாதே. இரண்டாம் சுற்று முடிந்து வந்தபோது அவர் கழுத்தில் மாலை இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றார். கோடு மஞ்சளாக இருப்பதில் ஒரு அவசரம் தெரியவில்லை. இனி அது சிவப்பு.

பெயின்டர் யோசித்துவிட்டுக் கேட்டான்: "உயரம் என்னாச்சு சார்?"

"முதல்ல நிறம். நிறத்துல ஜெயிச்சா உயரம் தானா வரும்."

தானாக வந்தது. கோடு இடுப்புக்கு ஏறியது. கூடவே இன்னொரு வெற்றியும் கிடைத்தது: எண்ணெய் பெயின்ட் ஆற்றுக்குக் கேடு என்பதால், கிழங்குச் சாற்றிலும் செம்மண்ணிலும் செய்த பசுமை பெயின்ட்.

டப்பாவைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்த பெயின்டர், "சார், இது தண்ணியில கரையும்," என்றான்.

"கரையணும். அதுதானே இதோட பெருமை. ஆத்துல ஒரு மீன்கூடச் சாகாது."

அந்த மழையில்தான் தண்ணீர் கோட்டைத் தொட்டது. சத்தியமாகத் தொட்டது. அக்கா மேஜையில் ஏறி உட்கார்ந்து, டேப்பை வைத்துப் பார்த்து, எச்சரிக்கை முழுவதையும் கேட்டுவிட்டுத் தகவல் சொன்னாள். படகும் வந்தது. அதில் ஆணையர் குடையோடு உட்கார்ந்திருந்தார். அக்கா மிஷினைத் துணியில் சுற்றி, கத்திரிக்கோலை அதன்மேல் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். தலையைக்கூடச் சீவியிருந்தாள்.

ஆணையர் சன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தார். சுவர் வெள்ளையாக இருந்தது. தண்ணீர்தான் லேசாகச் சிவந்திருந்தது.

"கோடு எங்கே?"

"கரைஞ்சு தண்ணியில இருக்கு சார்," என்றான் பெயின்டர்.

"கோடு இல்லாத சுவரில் தண்ணீர் எதைத் தொட்டது என்று நான் எழுதுவேன்? நீங்களே சொல்லுங்க. உங்க இடத்தில் நின்று பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. என் இடத்தில் நின்று நீங்களும் பார்க்க வேண்டும்."

அவர் இடம் படகில் இருந்தது. படகு திரும்பிப் போய்விட்டது. அக்கா துணியைப் பிரித்து மிஷினை மறுபடி மேஜையில் வைத்தாள். அவள் அழுது அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். யாரைப் பிடித்து அடிப்பதென்று தெரியாமல் கடைக்குப் போய் நல்ல ட்யூப் ஒன்றைக் கிழித்துப் போட்டேன்.

பச்சைச்சட்டையும் வெட்கப்பட்டார். அரசைக் கண்டித்துக் கடுமையாக ஓர் அறிக்கை விட்டார். அறிக்கையின் கடுமையைப் பாராட்டி அரசு அவரை வண்ண ஆலோசனைக் குழுவுக்குத் தலைவராக்கியது. "உள்ள இருந்து போராடப் போறேன்," என்று எங்களிடம் விடைபெற்றுக்கொண்டார். மேட்டுக் குடியிருப்பில் முதல் பூட்டு அவருடைய அலுவலகத்துக்காகத்தான் திறக்கப்பட்டது. அடுத்தது, பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் அலுவலகத்துக்கு.

கடைசிக் கோட்டை நிலைவாசலின் மேல்கட்டை உயரத்தில் போடச் சொன்னார்கள். பழையபடி எண்ணெய் பெயின்ட், சிவப்பு. அளவைச் சரிபார்க்க ஆணையரே அக்காவின் அறைக்குள் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"தண்ணி அங்க வரும்போது நான் எங்க சார் இருப்பேன்?" என்று அக்கா கேட்டாள்.

"இந்த உயரம் வருவதற்குள் விவரமான எந்த மனிதரும் வெளியேறியிருப்பார் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள்."

"விவரம் இருக்கு சார். காலுதான் இல்ல."

ஆணையர் அதைக் கேட்டு நெகிழ்ந்துவிட்டார். மிக முக்கியமான கேள்வி, குழுவின் முன் வைக்கிறேன் என்றார். ஸ்டூலின்மேல் நின்று தம்பி கோடு இழுக்க, அக்கா கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கிண்டல் ஏதும் பண்ணவில்லை. ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த மழைக்காலத்தின் நடுவில் காலநிலை நெருக்கடி நாள் வந்தது. அமைச்சர் பேசும் விழா. பாதிக்கப்பட்ட மக்கள் முன்வரிசையில் இருந்தாக வேண்டும் என்று தெருவுக்கே பஸ் அனுப்பினார்கள்; வராத குடும்பத்தின் பெயர் பட்டியலில் பின்னால் போகும் என்று நடத்துநர் தகவலாகச் சொன்னார். காலையிலிருந்தே மழை விடவில்லை. அக்காவின் நாற்காலி பஸ் கதவில் நுழையவில்லை. தூக்கி உட்கார வைக்கிறோம் என்றோம். நேரமாகிவிட்டது என்றார்கள்.

"அவங்க படம் மேடையிலேயே இருக்கு. அவங்க வந்த மாதிரிதான்," என்றார் விழாப் பொறுப்பாளர்.

"போயிட்டு வாடா. பதக்கம் குடுக்கறாங்களாம், வாங்காம வந்துடாதே," என்றாள் அக்கா. கோடு போட்ட சேவைக்காகத் தம்பிக்கு அன்றைக்குப் பதக்கம். அவன் சட்டையில் பொத்தான் தளர்ந்திருந்ததைப் பார்த்து, பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, நிற்க வைத்துத் தைத்து அனுப்பினாள்.

மண்டப வாசலில் பாதுகாப்புக்காக எல்லோரிடமும் போனை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே குளிர்சாதனம் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. மேடைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு அக்காவின் முகம், ஊசி குத்திய அந்த நொடி. அதன்கீழே ஆணையர், பச்சைச்சட்டை, நடுவில் அமைச்சர்.

"தண்ணீர் வந்தபிறகு ஓடுகிறவன் தலைவன் அல்ல," என்றார் அமைச்சர். "தண்ணீர் வருவதற்கு முன்பே நாங்கள் கோட்டை மாற்றியிருக்கிறோம். முந்தைய ஆட்சியில் எத்தனை வெள்ளம்? நான் பொறுப்பேற்றபின் இந்த நகரத்தில் ஒரு வெள்ளம்கூடப் பதிவாகவில்லை. மாநாடுகளில் மற்ற நாட்டு அமைச்சர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள், எப்படிச் சாதித்தீர்கள் என்று. நான் சொன்னேன், மனம் இருந்தால் போதும்."

கூரையில் மழை இடிப்பது பேச்சை மீறிக் கேட்டது. அமைச்சர் நிமிர்ந்து பார்த்து, இயற்கையே கைதட்டுகிறது என்றார். பச்சைச்சட்டை முதலில் தட்டினார், பிறகு மண்டபமே தட்டியது.

பெயின்டர் எழுந்துவிட்டான். வீட்டுக்குப் போகணும், அக்கா தனியா இருக்கா என்றான். அமைச்சர் கிளம்பும்வரை யாரும் எழக்கூடாது என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அமைச்சருக்குப் பின் ஆணையர் பேசினார், ஆணையருக்குப் பின் பச்சைச்சட்டை, எல்லோரும் பேசியதைத் தொகுத்து இன்னொருவர். பதக்கத்தைக் குத்தும்போது அமைச்சர் அவன் சட்டைப் பொத்தானைத் தொட்டு, கச்சிதமாகத் தைத்திருக்கிறார்கள் என்றார். அவன் அவரிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ் எங்களைத் தெரு வரைக்கும் கொண்டுபோகவில்லை. சரிவு தொடங்கும் இடத்திலேயே தண்ணீர் நின்றது. என் கடையிலிருந்து மிதந்து வந்த லாரி ட்யூப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நானும் பெயின்டரும் மீன்காரரும் உள்ளே போனோம். எவ்வளவு நேரமானது என்று தெரியாது. நிலைவாசலில் தண்ணீருக்கும் மேல்கட்டைக்கும் நடுவே ஒரு கை உயரம்தான் காற்று இருந்தது. அக்கா மேஜையை விட்டு நகரவில்லை. ஒரு கையால் சன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். அவள் கையைக் கம்பியிலிருந்து பிரிக்க எங்களால் முடியவில்லை, அவ்வளவு பலம் அந்தக் கைக்கு. இதற்குமேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

விசாரணை நடந்தது. ஆணையர்தான் விசாரணை அதிகாரி, ஏனென்றால் விவகாரம் முழுவதும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதே மண்டபத்தின் பக்கத்து அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். உதவி எண் சேவையில் குறை இல்லை என்று நிரூபிக்க, அன்றைக்குப் பதிவான அழைப்புகளைப் போட்டுக் காட்டினார்கள்.

முதலில் எச்சரிக்கை ஓடியது. பிறகு அக்காவின் குரல். பின்னால் தண்ணீர் சலசலத்தது.

"தண்ணி வயித்துக்கு வந்துடுச்சும்மா. மேஜை மேல உக்காந்திருக்கேன். எனக்கு நடக்க வராது. படகு அனுப்பறீங்களா?"

"கோட்டைத் தொட்டுடுச்சா மேடம்?"

"இன்னும் தொடல. இரு, பார்த்துச் சொல்றேன்." மேஜை கிறீச்சிடும் சத்தம். "டேப் வச்சுப் பார்த்தேன். மூணு சாண் இருக்கு."

"தொட்டதும் கூப்பிடுங்க மேடம்."

இரண்டாவது அழைப்பு. மறுபடி எச்சரிக்கை, முழுசாக. அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"கழுத்துக்கு வந்துடுச்சும்மா."

"கோடு மேடம்?"

"ரெண்டு சாண் இருக்கு."

"சரியாப் பார்த்தீங்களா?"

"அளவுல பொய் சொல்ல மாட்டேன்மா. ரெண்டு சாண் இருக்கு."

"தொட்டதும் கூப்பிடுங்க மேடம். அழைத்ததற்கு நன்றி."

மூன்றாவது அழைப்பில் எச்சரிக்கை மட்டும்தான் இருந்தது. எச்சரிக்கை முடிந்ததும், ஹலோ, ஹலோ என்று அந்தப் பெண் கேட்டாள். பேச்சில்லாத அழைப்பு என்பதால் விதிப்படி துண்டித்ததாகக் குறிப்பில் இருந்தது.

ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூன்று அழைப்புக்கும் இரண்டாவது மணியிலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். இது சாதாரண விஷயமில்லை. இறந்த அம்மையாரின் நேர்மையையும் இந்த ஆணையம் பதிவு செய்கிறது. அவரே அளந்து சொல்லியிருக்கிறார். சுவரில் இருக்கும் கறையை நாங்களும் அளந்தோம். தண்ணீர் ஏறிய உச்சத்துக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு சாண் பாக்கி. ஆகவே அன்று வெள்ளம் ஏற்படவில்லை. ஈரத்தில் ஏற்பட்ட உயிரிழப்பு என்று முடிவு செய்யப்படுகிறது."

தெருவே கொதித்தது. பச்சைச்சட்டை உள்ளே இருந்து போராடினார். அவர் போராட்டத்துக்குப் பலன் கிடைக்காமல் போகவில்லை: அம்மையாரின் நினைவாகக் கோட்டை ஒரு சாண் இறக்க அரசு சம்மதித்தது. இதே அளவு தண்ணீர் இனி எப்போது வந்தாலும் அது வெள்ளம்தான். அக்காவுக்கு மட்டும் இது முன்தேதியிட்டுச் செல்லாது. வரலாற்று வெற்றி என்று சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். உண்மையாகத்தான் அழுதார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இறக்கிய கோட்டைப் போடப் பெயின்டரையே கூப்பிட்டார்கள். அவன் மாட்டேன் என்பான் என்று நினைத்தேன். டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து, "குழாயைப் பிடிக்க வா," என்றான்.

அக்காவின் அறையில் தண்ணீர்க் கறையின் மேலேயே கோட்டை இழுத்தான். நான் முடிந்ததென்று குழாயைச் சுருட்டப் போனேன். "சுருட்டாதே," என்றான். வாசலுக்கு வந்தோம். மட்டம் பார்த்து அடுத்த வீட்டுச் சுவரில் போட்டான், அதற்கடுத்த வீட்டில் போட்டான். தெருமுனை வந்தது, அங்கேயும் நிறுத்தவில்லை. பெரிய தெருவில் ஏறினோம். மருந்துக்கடைச் சுவர், பள்ளிக்கூட மதில், மின்கம்பம், ஷட்டர் கதவு, எது வந்தாலும் போட்டான். மட்டம் மாறாமல் போட்டதால், தெரு மேடேற மேடேறக் கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. எங்கள் தெருவில் தலைக்கு மேல் இருந்தது, பள்ளிக்கூடத்தில் நெஞ்சளவு, பெட்ரோல் பங்கில் முழங்கால். பின்னால் ஆட்கள் சேர்ந்து வந்தார்கள்.

மேட்டுக் குடியிருப்பின் கேட்டுக்கு முன்னால் கோடு தரையைத் தொட்டு முடிந்துபோனது. அதற்குமேல் போட இடமில்லை. கேட்டுக்கு உள்ளே பூட்டிய வீடுகள், வாசலில் துடைத்துவைத்த மாதிரிச் சாய்தளங்கள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் எங்கள் தெரு தெரிந்தது. நடக்கிற தூரம்தான். விழாவுக்குப் பஸ் வந்த நேரத்தில் நான் ஒருத்தனே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்திருப்பேன். பெயின்டர் பதக்கத்தைச் சட்டையிலிருந்து கழற்றி டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தினான். தார்ச்சாலையில் அப்படியே உட்கார்ந்து, அப்போதுதான் அழுதான்.

அரசுச் சொத்தில் கிறுக்கியதாக அவன்மேல் வழக்குப் போடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தோம். ஒரு வாரம் கழித்து அமைச்சர் வந்து அந்தக் கோட்டைத் திறந்துவைத்தார். மக்களே முன்வந்து உருவாக்கிய விழிப்புணர்வுக் கோடு, இவ்வளவு நீளத்தில் வேறெங்கும் கிடையாது என்றார். ரிப்பன்கூட வெட்டினார். கோடு தரையில் முடியும் இடத்தில் கயிறு கட்டி, யாரும் மிதிக்காதபடி ஒரு காவலாளியைப் போட்டிருக்கிறார்கள். மேட்டு வீடுகள் பூட்டித்தான் இருக்கின்றன.

இந்த வருஷமும் வானம் கறுத்துவிட்டது. எங்கள் தெருவில் இப்போது பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு பயிற்சி நடக்கிறது. என் கடை வாசலில் வரிசையாக உட்கார வைக்கிறோம். மீன்காரர் உதவி எண் பெண்ணாக நின்று, கோட்டைத் தொட்டுடுச்சா என்று கேட்பார். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் வரவில்லை. சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் இவ்வளவு இருக்கே மாமா என்று கையை விரித்துக் காட்டும். சுவரைப் பார்க்காதே என்று தலையைத் திருப்பிவிடுகிறோம். மறுபடி கேட்கிறோம். இப்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் தொட்டுடுச்சு என்று சொல்லப் பழகிவிட்டன. பெயின்டர் மட்டும் அந்த நேரத்தில் கடைப் பக்கம் வருவதில்லை.